பன்னிரண்டு படிக் கூட்டங்கள்: போனில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

வாரத்தில் இரண்டு மாலை எங்கள் குழுவின் உதவித் தொலைபேசியை எடுப்பது என் பொறுப்பு. கூப்பிடுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள். போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, அவரவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதிவைத்தேன். அந்த நோட்டிலிருந்து எடுத்தவைதான் இவை. நானும் குடியில் கிடந்து வெளியே வந்தவன்தான், டாக்டர் இல்லை. என் பெயர் ஏன் இங்கே இல்லை என்பதற்குப் பதில் கீழே வரும்.

பன்னிரண்டு படின்னா என்ன சார்? ஏதாவது கோர்ஸா, ட்ரீட்மென்ட்டா?

இரண்டும் இல்லை. ஒரே பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டம் ஒரு பாதி. ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டிய பன்னிரண்டு வேலைகள் இன்னொரு பாதி. அந்த வேலைகளைத்தான் படிகள் என்கிறோம். முதல் படியில், இதை என் பலத்தால் அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். அடுத்த இரண்டில் நம்மைவிடப் பெரிய ஒன்றின் துணையைத் தேடுகிறோம். நான்கிலும் ஐந்திலும் நம் வாழ்க்கையை நாமே கணக்கெடுத்து, அதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்கிறோம். ஆறும் ஏழும் குறைகளை விடத் தயாராவது. எட்டில், நம்மால் காயப்பட்டவர்களைப் பட்டியல் போடுகிறோம். ஒன்பதில் முடிந்தவரை அதைச் சரிசெய்கிறோம். பத்தும் பதினொன்றும் இதையெல்லாம் தினமும் தொடர்வதற்கு. பன்னிரண்டாவது, கிடைத்ததை அடுத்தவருக்குக் கொண்டுபோவது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் தொடங்கியது. படிகள் அச்சில் வந்தது 1939-இல். இதில் ஆசிரியர் இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழும் இல்லை. ஏ.ஏ.வுக்கென்று ஆஸ்பத்திரியோ மறுவாழ்வு மையமோ கிடையாது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம், தேடுவது பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

குடிக்கு மட்டும்தானா? எனக்குப் பிரச்சினை வேற.

குடியில் ஆரம்பித்தது. அப்புறம் அதே படிகளை ஒவ்வொரு கூட்டமும் தனக்கேற்ப எடுத்துக்கொண்டது. போதைப்பொருளுக்கு நார்காடிக்ஸ் அனானிமஸ், அதாவது என்.ஏ., 1953-இல் வந்தது. சூதாட்டத்துக்கு 1957-இல் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ். அடக்க முடியாமல் சாப்பிடுகிறவர்களுக்கு 1960-இல் ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ். கடன், பாலுறவு, புகை, இணையம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டங்கள் இருக்கின்றன.

மாத்திரையும் உண்டு, மதுவும் உண்டு என்றால் எங்கே போவது என்று கேட்பார்கள். என்.ஏ.வில் மதுவையும் ஒரு போதைப்பொருளாகத்தான் பார்ப்பார்கள், அதனால் அங்கே இரண்டையும் பற்றித் தயங்காமல் பேசலாம். ஏ.ஏ.வில் பேச்சு மதுவைச் சுற்றியே இருக்க வேண்டும் என்று சில குழுக்கள் கறாராக இருக்கும். இரண்டுக்கும் போய்க்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

எங்க பக்கத்தில கூட்டம் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ‘கூட்டம் தேடு’ என்ற பகுதி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஏ.ஏ. சுமார் 180 நாடுகளிலும் என்.ஏ. 140-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் இருக்கின்றன. ஏ.ஏ.வுக்கு ‘மீட்டிங் கைடு’ என்ற செயலியும் உண்டு, ஆனால் எல்லா நாட்டுக் கூட்டங்களும் அதில் இருக்காது. பட்டியலில் இருக்கும் நேரத்தை அப்படியே நம்பிக் கிளம்ப வேண்டாம். இடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும், பட்டியலைத் திருத்தும் தன்னார்வலர் இரண்டு மாதமாக எட்டிப் பார்த்திருக்க மாட்டார். வட்டார அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதிசெய்துகொண்டு போங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியவர் மறுபடி வருவது அபூர்வம்.

தேடும்போது ஒரு கண்ணி உண்டு. ‘போதை உதவி எண்’ என்று தேடினால் மேலே வரும் சில எண்கள் தனியார் மறுவாழ்வு மையங்களுக்கு ஆள்பிடித்துத் தருகிறவர்களுடையவை. இலவச உதவி என்றுதான் போட்டிருக்கும். பேச்சு தொடங்கிய இரண்டாவது நிமிடம் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால், அல்லது படுக்கைக்கு முன்பணம் கட்டச் சொன்னால், அது எங்கள் எண் இல்லை. எங்களிடம் விற்பதற்கு எதுவும் கிடையாது. சிகிச்சை மையமே தேவைப்படலாம், அது தப்பில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்.

‘ஓப்பன்’, ‘க்ளோஸ்டு’ன்னு போட்டிருக்கே, நான் எதுக்குப் போகலாம்?

திறந்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்: மனைவி, நண்பர், படிக்க வந்த மாணவர், சும்மா எட்டிப் பார்க்க நினைப்பவர். மூடிய கூட்டம் பிரச்சினை தனக்கு இருக்கிறது, அல்லது இருக்குமோ என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும். உங்களுக்காகப் போகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் போகலாம். பெண்களுக்கு, இளைஞர்களுக்கு, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு என்று தனிக் கூட்டங்கள் உள்ள ஊர்களும் உண்டு.

உள்ள போனா என்ன நடக்கும்? எழுந்து நின்னு ‘நான் குடிகாரன்’னு சொல்லச் சொல்வாங்களா?

சொல்ல வேண்டியதில்லை. பெயரைக் கேட்டால் பெயரை மட்டும் சொல்லலாம். உங்கள் முறை வரும்போது ‘இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்’ என்றால் அடுத்தவருக்குப் போய்விடும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெரும்பாலான கூட்டங்கள் ஒரு மணி நேரம், சில ஒன்றரை மணி. தொடக்கத்தில் சில பத்திகள் வாசிப்பார்கள். அப்புறம் ஒருவர் தன் கதையைச் சொல்வார், அல்லது ஒரு படியை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. இந்த ஒரு விதி எனக்கு முதலில் விநோதமாக இருந்தது. யாருமே பதில் சொல்லாத இடத்தில் பேசிப் பார்த்தபோதுதான், நான் அத்தனை வருஷமும் எதிராளியின் பதிலுக்குப் பதில் தயாரித்துக்கொண்டே பேசியிருக்கிறேன் என்பது தெரிந்தது.

என் முதல் நாளைச் சொல்கிறேன். ஆறரைக்குக் கூட்டம், நான் ஆறு மணிக்கே வந்து எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு போனில் எதையோ படிப்பதுபோல் அரை மணி ஓட்டினேன். உள்ளே போய்க் கதவோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் வந்து கை கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை, டீ ஊற்றித் தந்தார். பாதி டம்ளர்தான் இருந்தது. கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து டீ ஊற்றும் வேலை எனக்கு வந்தபோது அவர்தான் சொன்னார்: முதல் நாள் வருகிறவர்களுக்குப் பாதிதான் ஊற்ற வேண்டும், கை நடுங்கும், முழு டம்ளர் என்றால் சிந்திவிடும், சிந்திவிட்டால் அந்த வெட்கத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

எவ்வளவு காசு?

கட்டணம் கிடையாது. கூட்டத்தின் நடுவில் ஒரு பை அல்லது டப்பா சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் புத்தகங்களுக்கும் உறுப்பினர்கள் போடுவது அது. புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்று பல இடங்களில் அவர்களே சொல்லிவிடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது மரபாக எழுதியே வைத்திருக்கிறது.

நான் அந்த அளவுக்கு மோசமில்ல. எனக்கு இது தேவையான்னே தெரியல.

போனில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அடுத்த இடம் ‘என் ஃபிரெண்டுக்காகக் கேக்கிறேன்’ என்பதற்கு. சேர்வதற்கு ஒரே தகுதி, நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். வேலை போயிருக்க வேண்டும், வீடு போயிருக்க வேண்டும் என்றெல்லாம் நுழைவுத் தகுதி கிடையாது. குடிநோயாளியா இல்லையா என்று முத்திரை குத்தும் அதிகாரமும் அங்கே யாருக்கும் இல்லை.

கொஞ்சம் தெளிவு வேண்டும் என்றால், உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பரிசோதனை இருக்கிறது. மதுவுக்கானது, சில நிமிடங்களில் முடிந்துவிடும், மதிப்பெண்ணோடு டாக்டரிடம் போகலாம். கேம்ப்ளர்ஸ் அனானிமஸிடம் இருபது கேள்விகள் உண்டு. கட்டுப்பாடு இழந்த சூதாடிகளில் பெரும்பாலானோர் ஏழுக்காவது ‘ஆமாம்’ சொல்வார்கள் என்பது அவர்கள் கணக்கு.

சரி, நாளைக்கே மொத்தமா நிறுத்திட்டு வந்துடறேன். சரிதானே?

பொறுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு எதிர்வினை காட்டும். 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குக் குழப்பமும் இல்லாதது தெரிவதும் காய்ச்சலும் சேர்ந்த டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற நிலை வரும், அது உயிரையே எடுக்கும். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகையில் பென்சோடயசபைன்களை நீண்ட நாள் எடுத்தவர்களும் இதேபோல் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளில் அபாயம் வேறு மாதிரி. நிறுத்தும்போது படும் அவஸ்தை கொடுமையானது, ஆனால் பெரிய ஆபத்து அதற்குப் பின்னால் இருக்கிறது. சில வாரம் நிறுத்தியதும் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நாலாக்ஸோன் என்ற மருந்தை வீட்டில் வைத்திருக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குடிச்சிருக்கும்போது கூட்டத்துக்கு வரலாமா?

வரலாம், அமைதியாக உட்கார்ந்தால் போதும். பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள். என்.ஏ. கூட்டங்களில் ஒரு கண்டிப்பு உண்டு: கையில், பையில் சரக்கோ அதை எடுக்கும் சாதனமோ இருக்கக் கூடாது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல. பஜனை மாதிரி இருக்குமோன்னு பயமா இருக்கு.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, சில கூட்டங்கள் பிரார்த்தனையோடு முடிகின்றன. ஆனால் இந்தச் சண்டை ஏ.ஏ. அளவுக்கே பழையது. 1930களில் படிகளை எழுதிக்கொண்டிருந்தபோதே ஜிம் பர்வெல் போன்ற நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் மல்லுக்கு நின்றார்கள். ‘நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்’ என்ற தொடரும், ‘எங்களைவிடப் பெரிய ஒரு சக்தி’ என்ற தொடரும் அந்த இழுபறியில் உள்ளே வந்தவை.

நடைமுறையில் பலருக்கு அந்தப் பெரிய சக்தி என்பது அந்த அறையில் இருக்கும் கூட்டம்தான். நான் தனியாக ஒரு வாரம் தாண்டியதில்லை, இந்தப் பதினைந்து பேரோடு தாண்டினேன், ஆக இது என்னைவிடப் பெரிது என்பதுதான் என் கணக்கு. அதுவும் ஒட்டவில்லை என்றால் நம்பிக்கையற்றோர், மதச்சார்பற்றோர் நடத்தும் ஏ.ஏ. கூட்டங்கள் இருக்கின்றன. ஒரு குழுவில் உங்களை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று தோன்றினால் வேறு குழுவுக்குப் போங்கள். ஒவ்வொரு குழுவும் தன்னிச்சையாக நடப்பது. ஒன்றை வைத்து மற்றதை எடைபோடாதீர்கள். குறைந்தது ஆறு கூட்டம், அதுவும் இரண்டு மூன்று வெவ்வேறு குழுக்களில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது புதியவர்களுக்கு நான் சொல்லும் ஒரே அறிவுரை.

ஸ்பான்சர்னா யார்? முன்பின் தெரியாத எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு போன் எடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

உங்களுக்கு முன்னால் படிகளைச் செய்து முடித்த, உங்களைக் கூடவே நடத்திக் கூட்டிப்போகும் ஓர் உறுப்பினர். சம்பளம் கிடையாது. டாக்டரோ மனநல ஆலோசகரோ கடன் கொடுப்பவரோ இல்லை. கூட்டத்தில் யார் பேச்சைக் கேட்கும்போது ‘இந்த ஆளிடம் இருப்பது எனக்கும் வேண்டும்’ என்று தோன்றுகிறதோ அவரிடம் நேராகக் கேளுங்கள். தற்காலிகமாக இருங்கள் என்றும் கேட்கலாம், ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பாலியல் ஈர்ப்புக்கு இடமில்லாதபடி தேர்ந்தெடுப்பது நல்லது, அதனால்தான் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்ற வழக்கம் வந்தது.

தலையெழுத்து என்ன என்றால், ஏ.ஏ. பிறந்ததே அப்படி ஒரு போனில்தான். 1935 மே மாதம், குடியை விட்டு ஐந்து மாதமே ஆன பில் வில்சன் என்ற பங்குத் தரகர் ஏக்ரனில் ஒரு வியாபாரம் கைநழுவி, ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும். அவர் தொலைபேசிப் பக்கம் போய் ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். அவர் தேடியது தனக்கு உதவுகிறவரை இல்லை, தன்னைப்போல் இன்னொரு குடிகாரரை. கைமாறிக் கைமாறி பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி வந்த டாக்டர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் 10-ஆம் தேதி பாப் கடைசியாகக் குடித்தார். ஏ.ஏ. அந்த நாளைத் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

ஆக, பில் அன்றைக்குக் கூப்பிட்டது தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. உங்கள் ஸ்பான்சர் போனை எடுப்பதும் அதற்காகத்தான். ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும்’ என்று ஆரம்பிக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் பேசி முடிக்கும்போது எனக்கும் ஒரு மாலை கழிந்திருக்கும்.

தெரிஞ்சவங்க யாராவது அங்க இருந்துட்டா என் மானம் போயிடுமே?

அவர்களும் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் போனில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே கொண்டுபோவதில்லை என்பது எங்கள் மரபு. பத்திரிகை, வானொலி, திரைப்படம் போன்ற பொது ஊடகங்களில் உறுப்பினர்கள் முழுப்பெயரும் முகமும் காட்டுவதில்லை. நான் பெயர் போடாததும் அதனால்தான். யாராவது ஒருவர் கூட்டத்தின் முகமாகிவிட்டு, அப்புறம் அவரே மறுபடி குடித்தால் கூட்டமே குடித்ததுபோல் ஆகிவிடும். வீட்டாரிடமும் டாக்டரிடமும் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், உங்களைப் பற்றிச் சொல்வது உங்கள் உரிமை.

அஞ்சாவது படியில எல்லாத்தையும் சொல்லணுமாமே. சட்டப்படி சிக்கல் வர்ற விஷயமும் இருக்கு.

நல்ல கேள்வி, கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்பதில்லை. ரகசியம் காப்பது மரபுதான், சட்டம் இல்லை. வக்கீலிடமோ டாக்டரிடமோ சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஸ்பான்சரிடம் சொல்வதற்கு இல்லை. நீதிமன்றம் அழைத்தால் அவர் சாட்சி சொல்ல வேண்டி வரலாம். ஐந்தாவது படி ‘இன்னொரு மனிதரிடம்’ என்றுதான் கேட்கிறது, ஸ்பான்சர் என்று குறிப்பிடவில்லை. அப்படிப்பட்ட ஒரு விஷயம் இருந்தால் முதலில் வக்கீலிடம் பேசுங்கள், அதை மட்டும் தொழில்முறை ரகசியம் காக்கக் கடமைப்பட்டவரிடம் சொல்லலாம். ஒன்பதாவது படியிலேயே ஒரு தடுப்பு இருப்பதையும் கவனியுங்கள்: சரிசெய்யப் போய் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ கெடுதல் வரும் என்றால் செய்யாதே என்கிறது. பழைய துரோகத்தை ஒப்புக்கொண்டு மனசு லேசாகிவிட்டு, எதிரில் இருப்பவர் தலையில் பாரத்தை ஏற்றுவது பரிகாரம் ஆகாது.

டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடறேன். குழுவில ஒருத்தர் ‘அப்ப நீ இன்னும் சுத்தமில்ல’ன்னு சொல்லிட்டார்.

அவர் சொன்னது அவர் கருத்து. ஏ.ஏ. தன் பிரசுரத்திலேயே, உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மருந்தை நிறுத்தச் சொல்லி மனச்சோர்வு முற்றிப்போன கதைகள் நடந்திருப்பதால்தான் அந்த எச்சரிக்கை. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும், ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மெத்தடோன், பூப்ரெனார்ஃபின் ஆகியவையும் முறையான சிகிச்சைகள். பின்னவை இரண்டும் சாவைக் குறைக்கின்றன என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது.

என்.ஏ.வில் இந்த விஷயம் இன்னும் உரசலோடுதான் இருக்கிறது. இந்த மருந்துகளில் இருப்பவர் கூட்டத்துக்கு வரலாம், அதில் தடையில்லை. ஆனால் பேசலாமா, பொறுப்புகள் எடுக்கலாமா என்பது குழுவுக்குக் குழு மாறும். முகத்தில் அடித்தாற்போல் பேசும் குழுவில் இருந்து ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்வானேன், வேறு குழு பாருங்கள். மருந்தை நிறுத்துவதோ குறைப்பதோ எழுதிக்கொடுத்தவரோடு பேச வேண்டிய பேச்சு.

ஒரு சீனியர் ரொம்ப அக்கறையா இருக்கார், தினமும் தனியாப் பார்க்கணும்ங்கிறார். ஏதோ சரியில்லைன்னு தோணுது.

தோன்றினால் அது சரியில்லைதான். புதிதாக, பலவீனமாக வருபவரைக் காதலுக்கோ காமத்துக்கோ வளைத்துப்போடுவதை எங்களுக்குள் ‘பதின்மூன்றாவது படி’ என்பார்கள். கிண்டலாகப் பெயர் வைக்கும் அளவுக்கு அது நடந்திருக்கிறது என்பது வெட்கக்கேடு. பணம் கேட்பது, வேலை வாங்குவது, வீட்டாரிடமிருந்து பிரிப்பது எல்லாம் அதே ரகம். தனியாகச் சந்திக்காதீர்கள், குழுவில் நீங்கள் நம்பும் இருவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் குழுவை மாற்றுங்கள். குற்றம் நடந்திருந்தால் போலீஸ். பெயர் மறைப்பு மரபு குற்றவாளிக்குக் கேடயம் இல்லை.

இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுதா? ஆதாரம் இருக்கா?

மதுவைப் பொறுத்தவரை இருக்கிறது. 2020-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, சேர்த்துப் பார்த்தது. நோயாளிகளை ஏ.ஏ. பக்கம் முறையாக வழிநடத்தும் சிகிச்சையை மற்ற உளவியல் சிகிச்சைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் முதல் வகையில் 42 சதவீதம், மற்றதில் 35 சதவீதம். இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். மற்றதைவிடக் கூடுதலாக உதவுகிறது, ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் இடையில் குடித்திருக்கிறார்கள். மற்ற அனானிமஸ் கூட்டங்கள் பற்றி இந்த அளவுக்கு ஆராய்ச்சி நடக்கவில்லை. ‘ஒழுங்காகச் செய்தால் நூற்றுக்கு நூறு’ என்று மேடை போடுகிறவர் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஒன்பது மாசம் சுத்தமா இருந்தேன். போன வாரம் குடிச்சுட்டேன். எந்த மூஞ்சியோட போறது?

அதே மூஞ்சியோடுதான். மேலே சொன்ன கணக்குப்படி அந்த அறையில் பாதிப்பேருக்காவது இந்த அனுபவம் இருக்கும். நாள் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஒன்பது மாதத்தில் கற்றது பூஜ்யமாகாது. முதலில் நிறுத்துவதில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள் (நாளைக்கே நிறுத்துவது பற்றிய கேள்வி). அப்புறம் ஸ்பான்சருக்கு ஒரு போன். பேச வராவிட்டால் ‘குடிச்சுட்டேன்’ என்று ஒரே வார்த்தைக் குறுஞ்செய்தி போதும்.

குடித்த நேரத்தைவிட, அதற்கு முந்தைய பத்து நாளைப் பாருங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் சோதிப்பது எங்கள் பழைய வழக்கம். கூட்டத்துக்குப் போவது எந்தக் கிழமையில் நின்றது என்று கேட்டால் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் வரவே மாட்டேங்கிறார். எப்படியாவது கூட்டிட்டு வந்துடட்டுமா?

இழுத்து வந்து உட்காரவைத்தால் உடம்பு மட்டும் உட்கார்ந்திருக்கும். அதற்கு முன் நீங்கள் போகலாம். பில் வில்சனின் மனைவி லோயிஸும் ஆன் பி. என்ற இன்னொருவரும் 1951-இல் குடும்பத்தாருக்காகத் தொடங்கியதுதான் அல்-அனான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன், போதைப்பொருள் என்றால் நார்-அனான். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமில்லை, உங்களால் அதை அடக்க முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பதை அங்கே திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். பாட்டிலை ஒளித்து ஒளித்துக் களைத்தவர்களுக்கு அது பெரிய விடுதலை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அல்-அனான் உங்களுக்காக, அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது அதன் நோக்கமே இல்லை. அதுதான் உங்கள் நோக்கம் என்றால் ‘க்ராஃப்ட்’ என்ற பயிற்சி தெரிந்த ஆலோசகரைத் தேடுங்கள். எப்போது பேசுவது, எப்போது ஒதுங்குவது, குடிக்காத நேரத்தை எப்படி இதமாக்குவது என்று வீட்டாருக்குச் சொல்லித்தரும் முறை அது. பல ஆய்வுகளில் மறுத்துக்கொண்டிருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வரை சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். வீட்டில் அடி உதை இருந்தால் இது எதுவும் முதல் வேலை இல்லை, நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை.

படிகளே எனக்கு ஒத்துவரல. வேற வழியே இல்லையா?

இருக்கிறது, எங்கள் ஆட்கள் சிலர் அதைச் சொல்லத் தயங்குவார்கள். ஸ்மார்ட் ரிகவரி என்ற கூட்டம் 1994 முதல் நடக்கிறது. நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் உத்திகள், பயிற்சி பெற்ற நடத்துநர், பெரிய சக்தி பற்றிய பேச்சு இல்லை, குறுக்கே பேசி விவாதிக்கவும் இடமுண்டு. பெண்களுக்கென்று 1970களில் ஜீன் கிர்க்பாட்ரிக் தொடங்கிய விமன் ஃபார் சொப்ரைட்டி இருக்கிறது. மதச்சார்பற்ற லைஃப்ரிங், பௌத்தத் தியானத்தை அடிப்படையாகக் கொண்ட ரிகவரி தர்மா ஆகியவையும் உண்டு. பல மருத்துவமனைகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சக ஆதரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மீண்டவர்கள், ஆனால் ஸ்பான்சர் போல் இல்லாமல் பயிற்சியும் மேற்பார்வையும் உள்ளவர்கள். வீடு, வேலை, சிகிச்சை என்று அலைய வேண்டிய இடங்களுக்குக் கூடவே வருவார்கள்.

நேர்ல போக முடியாது. ஆன்லைன்லேயே ஓட்டிடலாமா?

ஏ.ஏ.வின் இணையவழிக் குழுக்களுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் எங்காவது ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். கேமராவை அணைத்துவைக்கலாம், பெயரை மாற்றிப் போடலாம். நகர முடியாதவர்களுக்கும், பக்கத்தில் கூட்டமே இல்லாதவர்களுக்கும், முதல் அடி எடுக்கத் தயங்குகிறவர்களுக்கும் இது வரம். குறை ஒன்றுதான்: மடிக்கணினியை மூடியதும் அறையில் நீங்கள் மட்டும். நேரில் என்றால் கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும் பத்து நிமிடம் இருக்கும். என் அனுபவத்தில் முக்கால்வாசி நட்பு அந்தப் பத்து நிமிடத்தில் பிடித்ததுதான். ஆன்லைனில் போகிறவர்கள் குறைந்தது இரண்டு பேர் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வருஷம் போகணும்? ஆயுசுக்குமா?

முதல் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று ஒரு வழக்கம் உண்டு. எழுதப்பட்ட விதி இல்லை, ஆனால் குடித்தே பழகிய மாலை நேரங்களை வேறு எதனாலாவது நிரப்ப வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வாரம் இரண்டு மூன்று என்று குறைத்துக்கொள்கிறவர்கள் பலர். சில வருடங்களில் விட்டுவிட்டு நன்றாக இருப்பவர்களும் உண்டு, விட்டதும் விழுந்தவர்களும் உண்டு. இன்றைக்கே ஆயுசுக்கும் முடிவெடுக்கத் தேவையில்லை. ‘இன்றைக்கு மட்டும்’ என்பது நாளைக்கு வரும் கூட்டத்துக்கும் பொருந்தும்.

நான் இன்னும் போகிறேன். ஆறு மணிக்கே போய்க் கதவோர நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டீ போடுகிறேன்.